மூச்சின் அளவறிந்தோர்

தமிழ் பயிலும் மாணவனுக்கு முதலிற் கற்பிக்கப்படுவது எழுத்து. அடுத்துக் கற்பிக்கப்படுவது எழுத்தின் அளவு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. மாத்திரை என்பது எவ்வளவு நேரம் என்று கேட்பானுக்குத் தொல்காப்பியர் கருவி எதனையும் காட்டினாரல்லர். கண் இமைக்கும் பொழுதையும் விரல் நொடிக்கும் பொழுதையுமே காட்டினார். அளவுகோல் மனிதன் உடம்பிலேயே உண்டு என்பது அவர் கருத்துப் போலும். எழுத்திலே தொடங்கிய அந்த அளவு செய்யுளிலே சீராகவும் தளையாகவும் வளர்கின்றது, இசையிலே தாளமாகின்றது. மருத்துவத்திலும் அதுவே தலைநின்றது. கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்பதே வள்ளுவர் மருந்து பற்றிய அதிகாரத்திற் சொல்லும் பொருளாம்.

ஆயின், அளவைப் பற்றிப் பேசும் உரிமை இலக்கணகாரருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே உரியதன்று. அளவிலே பிழைத்தால் நடுக்கடலில் நின்றுவிடும் பிழைப்பை உடையார் சிலர் எங்கள் ஊரில் உளர். அவர்தம் அறிவைக் குறித்தே இக்கட்டுரை எழுந்தது.

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறக்குறையப் பத்துக் கல் தொலைவில் நிலாவெளி உள்ளது. வெண்மணற் கரையும், எதிரே புறாமலைத் தீவும், ஊருக்கு அப்பெயரை இட்டவன் சுவையறிந்தவன் என்பதைச் சொல்லும். கரையிலே கண்ணாடியிழைப் படகுகள் வரிசையாய்க் கிடக்கும். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் வெளியிணைப்பு எஞ்சின் ஒன்று. பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடுவன. அவற்றைத் திருத்தும் ஓலைக்கொட்டில்கள் தெருவோரத்தில் உண்டு. மாலை வேளைகளில் அக்கொட்டில்களில் இருந்து பேசுவது எனக்குப் பல்லாண்டுப் பழக்கம். இலக்கண வகுப்பிலே கேளாத சில நுட்பங்களை அங்கே கேட்டிருக்கின்றேன்.

ஒரு துளிக்கு எவ்வளவு காற்று?

எஞ்சின் எண்ணெயினால் ஓடுகின்றது என்று நாம் சொல்லுகின்றோம். அது பாதி உண்மை. எண்ணெய் தனியே எரியாது. காற்றோடு கூடியே எரியும். எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு காற்று என்பதே கேள்வி. விஞ்ஞானிகள் கண்ட விடை வருமாறு: பெற்றோல் ஒரு பங்கு முற்றாக எரிவதற்கு, எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். மண்ணெண்ணெய்க்கும் ஏறத்தாழ இதே கணக்குத்தான்.

எடைக் கணக்கு மனத்திற் பதியாதாயின் கன அளவிற் சொல்லலாம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்து முடிவதற்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்றுச் செலவாகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏழேழு அடியாக ஓர் அறை கட்டினால், அவ்வறை கொள்ளும் காற்று இதனிலும் சற்றே கூடுதல். ஆகவே எஞ்சின் உண்பது கொஞ்சம். மூச்சு விடுவதே மிகுதி.

காற்றுக் குறைந்து எண்ணெய் கூடினால் கரும்புகை எழும். எரியாத எண்ணெய் வீணாகும். காற்று மிகுந்து எண்ணெய் குறைந்தால் எஞ்சின் வலிமை இழக்கும், சூடேறும், சில வேளை ஆடுதண்டின் தலையே உருகித் துளைபடும். இருபுறத்தும் எல்லை உண்டு. காற்று எட்டுப் பங்கிலும் குறைந்தாலோ இருபது பங்கின் மேற்பட்டாலோ கலவை தீப்பற்றுதலே அரிதாகிவிடும். அவ்வெல்லைகளுக்கு உள்ளேயும் வேறுபாடு உண்டு. பாரம் இழுக்கும் வலிமை வேண்டுமாயின் காற்று 12.5 அல்லது 13 பங்கு நலம். எண்ணெய்ச் சிக்கனம் வேண்டுமாயின் 15 அல்லது 16 பங்கு நலம். ஆகவே சரியான அளவு என்பது எக்காலத்தும் ஒன்றன்று. செய்யும் வேலைக்கேற்ப அஃது இடம்பெயரும்.

கொட்டிலில் இருப்போர் இந்த எண்களைச் சொல்வதில்லை. அவர்கள் எஞ்சினின் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்ப்பார்கள். கரி படிந்திருந்தால் எண்ணெய் கூடுதல். வெளிறியிருந்தால் காற்றுக் கூடுதல். இளமண்ணிறமாய் இருந்தால் கலவை நன்று. நாவைப் பார்த்து நோயறியும் வைத்தியன் செயலும் இதுவும் ஒன்றே.

ஒடுங்கிய வழியும் மிதவையும்

காற்றையும் எண்ணெயையும் அளந்து கலக்கும் உறுப்புக்குக் காபுரேற்றர் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும் சிறு பாத்திரந்தான். ஆயினும் அதன் உள்ளே இருப்பது இருநூறு ஆண்டு விஞ்ஞானம்.

அகன்ற வழியிற் செல்லும் காற்று ஒடுங்கிய இடத்தை அடையும்போது விரைகின்றது. விரையும் இடத்தில் அதன் அழுத்தம் குறைகின்றது. இவ்வுண்மைக்கு அடிகோலியவர் டானியல் பெர்ணூலி. அவருடைய நூல் 1738இல் வெளிவந்தது. ஒடுங்கிய குழாயில் இவ்விளைவை ஆராய்ந்து 1797இல் எழுதியவர் இத்தாலி நாட்டு வென்றூரி. நுளம்பு மருந்து தெளிக்கும் கைப்பம்பியை நோக்குங்கள். தண்டைத் தள்ளக் காற்று விரைந்து வெளியேறும். அக்காற்று, கீழேயுள்ள குப்பியிலிருந்து மருந்தைத் தானே உறிஞ்சித் தூவலாக்கிச் செல்லும். காபுரேற்றரும் அதுவே.

எண்ணெய் எப்பொழுதும் ஒரே மட்டத்தில் நிற்றல் வேண்டும். அதன்பொருட்டு ஒரு சிறு அறையும், அதனுள் ஒரு மிதவையும் உள்ளன. மட்டம் ஏறினால் மிதவை எழுந்து எண்ணெய் வரும் வழியை ஊசிமுனையால் அடைக்கும். மட்டம் இறங்கினால் வழி திறக்கும். தண்ணீர்த் தாங்கிக்குப் பந்து வைப்பதை அறிந்தோர்க்கு இது புதிதன்று. அவ்வறையிலிருந்து எண்ணெய் ஒரு நுண்துளை வழியே ஒடுங்கிய காற்றுவழிக்கு வரும். அத்துளையுடைய பித்தளைத் துண்டை ஜெற் என்பர். ஜேர்மனியில் மேபாக் என்பவரும், ஹங்கேரியில் பாங்கி, சொங்கா என்னும் இருவரும், 1893ஆம் ஆண்டளவில் எண்ணெயை இவ்வாறு தூவலாக்கும் காபுரேற்றரைச் செய்தனர். அதற்கு முன்னர், 1886இல் காப்புரிமை பெற்ற பென்ஸ் என்பாரின் வண்டியில், எண்ணெயின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியைக் காற்று வாரிச் செல்லும் ஏற்பாடே இருந்தது.

ஈண்டு ஒரு நுட்பம் கருதற்பாலது. மோட்டார்ச் சைக்கிளின் கைப்பிடியைத் திருகுவோர் எண்ணெயைக் கூட்டுவதாகவே எண்ணுகின்றனர். உண்மையில் திறக்கப்படுவது காற்றின் கதவு. காற்று விரைந்து புக, எண்ணெய் அதன் பின்னே தானே வரும். எழுவாய் காற்று, எண்ணெய் அதற்கு இயையும் பயனிலை எனலாம். குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் ஆவியாகாமையால் அது காற்றோடு இயையாது. அப்பொழுது சோக் என்னும் மூடியால் காற்றை மறித்து எண்ணெயை மிகுவித்தல் வேண்டும். எஞ்சின் சூடேறியபின் அம்மூடியைத் திறவாது விடுவோன், குழந்தை நடக்கத் தொடங்கிய பின்னும் நடைவண்டியை விடாதவனை ஒப்பான்.

சீனன்குடா வானிலே

இச்சிறு பாத்திரம் எங்கள் மாவட்டத்தின் போர் வரலாற்றிலும் இடம்பெற்றது என்பதைப் பலர் அறியார்.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனன்குடாவிலே ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரில் 9ஆம் நாட் காலை யப்பானிய விமானங்கள் கப்பற்றளங்களிலிருந்து எழுந்து வந்து துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எதிர்த்து எழுந்தவை ஆங்கிலேயரின் ஹரிக்கேன் விமானங்கள். யப்பானியக் குண்டுவிமானங்களுக்குக் காவலாய் வந்தவை சீரோ என்னும் போர்விமானங்கள்.

இருதிறத்து எஞ்சின்களும் காபுரேற்றரால் ஊட்டப்பட்டவையே. விமானம் தன் மூக்கைத் திடீரெனக் கீழே கவிழ்த்துப் பாயுமாயின் மிதவையறையிலுள்ள எண்ணெய் மேலே எறியப்படும். ஜெற்றுக்கு எண்ணெய் கிட்டாது. எஞ்சின் ஒரு கணம் மூச்சற்று நிற்கும். ஹரிக்கேனின் மெர்லின் எஞ்சினில் இக்குறை இங்கிலாந்து வானிலேயே 1940இல் வெளிப்பட்டுவிட்டது. அங்கு எதிர்த்து வந்த ஜேர்மன் விமானங்களோ காபுரேற்றர் இன்றி எண்ணெயை நேரே எஞ்சினுள் பீச்சும் அமைப்புடையன. ஆகையால் தலைகீழாய்ப் பாய்ந்து தப்பின. சீரோ விமானத்திலும் மெர்லினின் குறையே இருந்தது என்பதை, 1942 யூன் மாதத்தில் அலூசியத் தீவொன்றில் விழுந்த விமானம் ஒன்றை மீட்டுப் பறந்து பார்த்த அமெரிக்கர் கண்டறிந்தனர். ஆகவே அன்று எங்கள் வானிற் பொருத இரு பகைவர்க்கும் பொதுவானதொரு பலவீனம் இருந்தது. அது மிதவையறையின் பலவீனம்.

மெர்லினின் குறைக்கு மருந்து கண்டவர் ஒரு பெண்மணி என்பது எம் மாணவியர் அறியத்தக்கது. பியட்றிஸ் ஷில்லிங் என்னும் அப் பொறியியலாளர், எண்ணெய் வரும் வழியில் நடுவே துளையுடைய ஒரு சிறு உலோகத் தடையை இட்டார். எஞ்சின் முழுவலிமையோடு ஓடும்போது கொள்ளும் எண்ணெய்க்கு மேல் ஒரு துளியும் புகாதபடி அத்துளையின் அளவு கணிக்கப்பட்டது. 1941இல் அது விமானங்களிற் பொருத்தப்படலாயிற்று. குறை முழுதும் நீங்கவில்லை. ஆயினும் உயிர் காக்கப் போதியதாயிற்று. ஒரு துளையின் சரியான விட்டம், அவ்வளவே அவர் தந்தது.

தட்டுப்பாடு கற்பித்த பாடம்

அளவின் அருமையை வறுமையே கற்பிக்கின்றது. இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் அருகியபோது, மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் மரக்கரியிலிருந்து வாயு உண்டாக்கும் கலத்தைச் செய்து மோட்டார் வண்டிகளை ஓடச் செய்தார். கரிவாயுவுக்கு ஏறத்தாழச் சம அளவு காற்றே போதும். பெற்றோலாவிக்கோ பன்மடங்கு காற்று வேண்டும். ஆகவே கலக்கும் வழியையே மாற்றி அமைத்தல் வேண்டியிருந்தது. வலிமையும் குறைந்தது. குறைந்தாலும் வண்டி ஓடிற்று. மக்கள் ஊர் சென்றனர்.

அதனினும் கடிய பாடத்தை எம் தலைமுறை கண்டது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. அவ்வாண்டுகளில் யான் யாழ்ப்பாணத்திற் பண்டித வகுப்பில் மாணவனாயிருந்தேன். தெருக்களில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் மைனர்க் கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயிலேயே ஓடின. அம்மண்ணெண்ணெயும் எளிதிற் கிடைத்ததன்று. சட்டைப் பையிற் சிறு பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை வைத்திருப்பார்கள். அதில் இருப்பது கைம்மருந்துபோற் காத்த பெற்றோல். காற்று புகும் வாயில் நாலைந்து துளி விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடேறும் வரையில் காற்றை மறித்தும் விட்டும் பிடிப்பார்கள். பிறகு மண்ணெண்ணெய் தன் வேலையை ஏற்கும். வெண்புகை எழும், அதன் காரமான நெடி அக்காலத்தின் நெடியாகவே நினைவில் நிற்கின்றது.

இது குருட்டுத் துணிவாலே நடந்ததன்று. பெற்றோல் ஏறத்தாழ 30 பாகை வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெயோ 150 பாகைக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது, துளியாகவே கிடக்கும். எனவே பெற்றோலால் முதலிற் சூடேற்றுதல் இன்றியமையாதது. இங்கிலாந்தில் உழவு இயந்திரங்கள் ஒருவகை மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில் பொறியியலாளர் வகுத்த முறையும் இதுவே. அவர்கள் புகைபோக்கியின் சூட்டால் எண்ணெயை ஆவியாக்கும் அமைப்பையும் வைத்தனர். எஞ்சினின் அமுக்கத்தையும் குறைத்தனர். அமுக்கம் மிகுந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் காலத்துக்கு முந்தி வெடிக்கும். அதனால் எஞ்சின் தட்டும். தளை தட்டும் செய்யுளைப் போல, தட்டும் எஞ்சினும் நெடுநாள் நில்லாது. எரியாத மண்ணெண்ணெய் ஆடுதண்டின் ஓரமாய் வடிந்து மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். ஆதலால் அதனை அடிக்கடி மாற்றவும் வேண்டும். இவையெல்லாவற்றையும் எங்கள் திருத்துநர் நூலிற் படித்தாரல்லர். கெட்ட எஞ்சினைப் பிரித்துப் பிரித்து அறிந்துகொண்டனர்.

மொறிஸ் மைனர் அவர்களுக்கு உற்ற துணையாயிற்று. அதிலுள்ள எஸ். யூ. காபுரேற்றரை முதலில் அமைத்த ஸ்கின்னர் என்பார் இங்கிலாந்திலே சப்பாத்து வணிகக் குடும்பத்தில் வந்தவர். தொடக்கத்தில் அவர் அதற்குத் தோலாலான துருத்தியையே வைத்தார் என்பது குடித்தொழிலின் வாசனை போலும். அதிலே காற்றின் வேகத்துக்கேற்ப ஒரு தண்டு எழுந்து தாழும். அத்தண்டின் கீழுள்ள கூரிய ஊசி எண்ணெய்த் துளையைத் தானே அகட்டியும் ஒடுக்கியும் அளக்கும். கீழேயுள்ள திருகைச் சற்றே திருப்பிக் கலவையைக் கூட்டலாம், குறைக்கலாம். கையால் எட்டித் திருத்தக்கூடியதாய் அளவு இருந்தது; ஆதலால் தட்டுப்பாட்டிலும் அந்த வண்டி பிழைத்தது.

நிலாவெளிக் கரையிலே

எங்கள் கரையின் எஞ்சின்கள் மண்ணெண்ணெய்க்கென்றே அமைந்தவை. ஆயினும் பெற்றோலாற் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே முறை. கரை திரும்பும்போது, நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெற்றோலில் ஓடவிடல் வேண்டும். மிதவையறையில் மண்ணெண்ணெய் எஞ்சினால் மறுநாள் விடியற்காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் சோரும். மசகெண்ணெயையும் எரிபொருளோடு கலக்க வேண்டும். அதற்கும் அளவு உண்டு. குறைந்தால் எஞ்சின் இறுகும். கூடினால் பிளக் கரிபிடிக்கும்.

கொட்டிலொன்றில் ஓர் இளைஞர் ஜெற்றைத் துப்புரவு செய்வதைப் பார்த்திருந்தேன். மேசையில் மெல்லிய கம்பி கிடந்தது. அவர் அதனை எடுக்கவில்லை. தங்கூசி நூலின் ஒரு துண்டைத் துளையிற் செலுத்தி இழுத்தார்.

"கம்பியாலே குத்தினால் விரைவாய் முடியுமே, தம்பி?" என்றேன்.

"முடியும், மாஸ்ரர். ஆனால் ஓட்டை பெருத்துப்போகும். பிறகு ஒவ்வொரு நாளும் எண்ணெய் கூடக் குடிக்கும். அந்தக் காசை ஆர் குடுக்கிறது?" என்றார்.

மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு என்று நூலோர் எண்ணும் வேறுபாட்டை அவர் காசாக எண்ணுகின்றார். அவர் எண்ணுவதே நெஞ்சிற் பதியத்தக்கது. எங்ஙனம் என்பதைக் காட்டுகின்றேன். 2022 ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் ஒன்றுக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்ந்தது. நாளொன்றுக்கு 20 லீற்றர் கொள்ளும் படகென்று வைத்துக்கொள்வோம். 1,740 ரூபாச் செலவு 6,800 ரூபாவாயிற்று. கலவை பிசகிப் பத்திலொரு பங்கு எண்ணெய் வீணானால் நாளுக்கு 680 ரூபா கடலிற் கொட்டியதாகும். மீன் அகப்படாத நாளிலும் அந்தக் கணக்கு ஓயாது. விலையேற்றத்துக்கு முந்திய மாதங்களில் எண்ணெயே கிட்டாமற் படகுகள் மணலிற் கிடந்ததையும் கண்டோம். அக்காலத்தில் கொட்டிலுக்கு வந்தோர் கேட்டது ஒன்றே: எண்ணெய் குறையக் குடிக்கும்படி இதனைச் சரிசெய்து தாரும் என்பது.

ஆசைக்கும் எல்லை உண்டு. சிக்கனம் வேண்டிக் கலவையை மிக மெலியவைத்தால் எஞ்சின் சூடேறி நடுக்கடலில் இறுகும். "எண்ணெய் மிச்சம், எஞ்சின் போச்சு" என்பது கொட்டில் வாக்கு. எவ்வளவு குறைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அத்தொழிலாளர் எஞ்சினின் ஒலியைக் கேட்டே துணிகின்றனர். திருகை மெல்ல மெல்லத் திருப்பி, ஒலி உயர்ந்து மறுபடி தளரத் தொடங்கும் இடத்தைச் செவியாற் பிடித்து, அதற்குச் சற்று முன்னே நிறுத்துவர். கண்ணிமையும் நொடியும் மாத்திரைக்கு அளவானாற்போல, இங்கே செவி அளவாகின்றது.

கடலுக்கும் இதிற் பங்குண்டு. இவ்வகை எஞ்சின்களிற் கலவையின் ஒரு பங்கு எரியாமலே வெளியேறும். கலவை மிகுந்தால் அதுவும் மிகும். நீரின்மேல் வானவில் போலப் படரும் எண்ணெய்ப்படலம் அழகன்று. புறாமலையைச் சூழ்ந்த பவளப்பாறைகளுக்கும் அவற்றை அண்டி வாழும் மீன்களுக்கும் அது தீங்கு. அளவாய் எரிக்கும் படகோட்டி தன் பணத்தோடு தன் கடலையும் காப்பவனாவான்.

பெயர் கடன், வினை நமது

இனி, தமிழாசிரியன் என்ற முறையில் யான் சொல்ல வேண்டிய ஒன்றுக்கு வருகின்றேன்.

சுயமொழிக் கல்வி வந்த காலத்தில் அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டனர். அறிஞர் பலர் உழைத்தனர். எங்கள் பாடநூல்கள் அகத்தகன எஞ்சின் என்று எழுதுகின்றன. மாணவரும் எழுதித் தேறுகின்றனர். அம்முயற்சி போற்றத்தக்கதே. ஆயின் அத்தொகுதிகளில் மிகுந்திருப்பவை பெயர்ச்சொற்கள். தொழிலோ வினைச்சொல்லால் நடப்பது.

சென்ற விடுமுறையில் என் மாணவர் சிலரைக் கொட்டில்களுக்கு அனுப்பி, எஞ்சினைப் பற்றி அங்கே வழங்கும் சொற்களைக் குறித்துவரச் சொன்னேன். அவர்கள் கொணர்ந்த ஏட்டிற் பெயர்கள் பெரும்பாலும் பிறமொழியின: காபுரேற்றர், ஜெற், சோக், பிளக். வினைகளை நோக்கினேன், ஏறத்தாழ எல்லாம் தமிழ். எண்ணெய் மிகச் செலவானால் எஞ்சின் குடிக்கின்றது. காற்றுவழி அடைபட்டால் மூச்சு முட்டுகின்றது. கலவை மெலிந்து தடுமாறினால் இருமுகின்றது. தீ காபுரேற்றர் வழியே திரும்பினால் கக்குகின்றது. காலத்துக்கு முந்தி வெடித்தால் தட்டுகின்றது. பாரத்துக்கு ஈடுகொடாவிடில் இழுக்கமாட்டேன் என்கின்றது. எல்லாம் செவ்வையானால் சீராய் நிற்கின்றது.

பொருளை நாம் கடனாய்ப் பெற்றோம். அதனோடு பெயரும் வந்தது. ஆனால் அதன் நோயையும் குணத்தையும் நாமே அறிந்தோம். ஆதலால் வினை நமதாயிற்று. காபுரேற்றர் என்னும் சொல்லே பிரெஞ்சுமொழிக் கரிமப்பெயர் ஒன்றின் வழிவந்தது. அதன் வேலையாகிய அளவை அச்சொல் உணர்த்துவதில்லை. எங்கள் மீனவன் சொல்லும் "குடிக்குது", "மூச்சு முட்டுது" என்னும் இரண்டு வினைகளோ எண்ணெய், காற்று என்னும் இரண்டையும் பிரித்துக்காட்டி, எது பிழைத்தது என்பதையும் உணர்த்திவிடுகின்றன. கலைச்சொல் ஆக்குவோர் இவ்வினைகளிலிருந்து தொடங்கினால் சொற்கள் நாவிலே நிற்கும்.

இதனை விரைந்து செய்தல் வேண்டும். காபுரேற்றரின் காலம் முடிந்துகொண்டிருக்கின்றது. 1976இல் வொல்வோ காரில் பொஷ் நிறுவனத்தார் புகைபோக்கியின் ஒட்சிசனை உணரும் கருவியை வைத்த நாள்முதல், கலவையின் அளவைக் காணும் வேலை செவியிலிருந்து மின்னணு மூளைக்குச் செல்லத் தொடங்கிற்று. இந்தியாவில் 2020 ஏப்ரில் முதலாம் நாள் புகைவிதிகள் கடுமையான பின் மோட்டார்ச் சைக்கிள்களும் பெரும்பாலும் எண்ணெயைப் பீச்சும் முறைக்கு மாறின. நம் நாட்டிலோ 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 வரை பெரிதும் மூடிக்கிடந்தமையால், பழைய காபுரேற்றர்களே இன்னும் தெருவில் மூச்சு விடுகின்றன. புதிய முறை நல்லது. புகை குறைகின்றது, எண்ணெய் மிஞ்சுகின்றது. அதனை வெறுத்துப் பேசுவது என் கருத்தன்று. ஆனால் அம்முறையில் அளவு மூடிய பெட்டிக்குள் இருக்கின்றது. திருகும் இல்லை, செவிக்கு வேலையும் இல்லை. முப்பது ஆண்டுத் தட்டுப்பாட்டிற் கற்ற கைகளும் முதுமையடைகின்றன. அக்கைகளின் அறிவு எந்த ஏட்டிலும் முழுதாய் எழுதப்படவில்லை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் பெரியதன்று. உங்கள் ஊரில் எஞ்சின் திருத்தும் கொட்டில் ஒன்று இருக்கும். ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு அங்கே செல்லுங்கள். முதியவர் ஒருவரை இருத்தி, எண்ணெய் இல்லாத காலத்தில் எஞ்சினை எவ்வாறு ஓட்டினீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். விஞ்ஞான ஆசிரியர் அதன் காரணத்தை அடியிலே எழுதட்டும்; தமிழாசிரியர் அதன் வினைச்சொற்களை அகரவரிசையில் அடுக்கட்டும். இருவரும் கூடினால் ஒரு நூலாகும். அந்நூலின் முதற் சில பக்கங்கள் நிலாவெளியில் எழுதப்பட்டுவிட்டன. மற்றவை உங்கள் ஊர்களிலிருந்து வரவேண்டும்.